மல்யுத்த சாம்பியன் பட்டங்களின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.வி.யில் வரும் தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். முதல் சாம்பியன் யார், ஏன் இத்தனை பெல்ட் (பட்டத்தின் அடையாளமான இடுப்புப் பட்டை), ஜான் சீனா எத்தனை முறை ஜெயித்தார் என்று. அவற்றுக்குத் தெரிந்தவரை விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

யார் ஜெயிப்பது என்று பேசி வைத்துக்கொண்டுதானே மோதுகிறார்கள்? அப்புறம் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

ஆமாம், முடிவு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்று அழைக்கப்படும் மல்யுத்த நிறுவனமே 1989-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன் இது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காகச் செய்த காரியம் அது. ஆக, இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

சாம்பியன் என்று ஒருவரை அறிவித்தால், அவர் பெயரைப் போஸ்டரில் போட்டு அரங்கத்தை நிரப்ப முடியும் என்று நம்புகிறார்கள் என்று பொருள். ஊர் ஊராகப் போய், உடம்பில் எங்கே அடிபட்டிருந்தாலும் மேடையேறி, எதிரில் இருப்பவரையும் பலசாலியாகக் காட்டி மோத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தோற்கச் சொன்ன நாளில் தோற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். யாரை நம்பி பெல்ட்டைக் கொடுத்தார்கள், அந்த நம்பிக்கையை யார் காப்பாற்றினார், யார் உடைத்தார் என்று பார்த்துக்கொண்டே வந்தால் இந்த நூறு வருடக் கதையும் தெளிவாகிவிடும்.

முதல் உலக சாம்பியன் யார்?

பெரும்பாலானவர்கள் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் பெயரைத்தான் சொல்வார்கள். அன்றைய ரஷ்யப் பேரரசின் எஸ்டோனியாவில் பிறந்தவர், எடை தூக்குவதிலும் பேர் வாங்கியவர். 1905 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டாம் ஜென்கின்ஸை வென்ற பிறகு அவரை உலக சாம்பியனாக ஏற்றுக்கொண்டார்கள்.

அவரை 1908 ஏப்ரல் 3 அன்று சிகாகோவில் அயோவா மாநிலத்துக்காரரான ஃபிராங்க் காட்ச் தோற்கடித்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் நின்றபடியே நடந்த பிடிச்சண்டை அது. காட்ச் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார், கட்டைவிரலால் குத்தினார் என்று ஹேக்கன்ஷ்மிட் புகார் சொன்னார். கடைசியில் பட்டம் உனக்கே என்று விட்டுக்கொடுத்தார். 1911 செப்டம்பரில் சிகாகோ காமிஸ்கி பார்க்கில் மறுபடியும் மோதினார்கள். சுமார் 30,000 பேர் திரண்டார்கள். முழங்கால் அடியோடு வந்த ஹேக்கன்ஷ்மிட் சீக்கிரமே தோற்றார், கூட்டம் ஏமாந்து போனது.

நிஜப் போட்டியாக இருந்தது எப்போது மாறியது?

இந்தத் தேதி என்று கோடு கிழிக்க முடியாது. 1900-களிலேயே பேசி வைத்த போட்டிகளும் நடந்தன, நிஜமானவையும் நடந்தன. முழுத் தொழிலாக மாறியது 1920-களில். எட் 'ஸ்ட்ராங்லர்' லூயிஸ் என்ற சாம்பியன், அவருடைய மேனேஜர் பில்லி சாண்டோ, போட்டியை வடிவமைத்த டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவர்தான் அதைச் செய்தார்கள். மணிக்கணக்காகத் தரையில் புரளும் சண்டையை யாரும் காசு கொடுத்துப் பார்க்க வரவில்லை. அதனால் நேரக்கட்டுப்பாடு, வேகம், கண்ணைக் கவரும் பிடிகள், பரபரப்பான முடிவு என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். இன்று நாம் பார்ப்பதன் அஸ்திவாரம் அதுதான்.

அந்த மூவரே ஒரு பெரிய அடியும் வாங்கினார்கள். 1925 ஜனவரியில் வேய்ன் மன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரை லூயிஸுக்கு எதிராக ஜெயிக்க வைத்து சாம்பியனாக்கினார்கள். ஆள் மலை மாதிரி இருப்பார், ஆனால் மல்யுத்தம் தெரியாது. ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ என்ற போலந்து மல்லர் அவரிடம் தோற்பதாகப் பேச்சு. மேடை ஏறியதும் ஸ்பிஸ்கோ பேச்சை மீறினார். மன்னைத் திரும்பத் திரும்ப நிஜமாகவே தோள் தரையில் பட அமுக்கினார், அப்படி அமுக்கினால் வெற்றி. அத்தனை பேர் கண் முன்னால் நடந்ததை நடுவரால் எத்தனை நேரம் பார்க்காதது போல இருக்க முடியும்? பட்டம் எதிர் முகாமுக்குப் போனது. அதற்குப் பிறகு நெடுங்காலம், நிஜமாகவே சண்டை போடத் தெரிந்தவர் கையில்தான் பெல்ட் இருக்க வேண்டும் என்பது முதலாளிகளுக்கு எழுதாத சட்டமாகிவிட்டது.

காமா பயில்வான் உலக சாம்பியனாக இருந்தாரா?

இருந்தார் என்றுதான் சொல்வேன். காட்ச் அமெரிக்காவில் பட்டத்தை வைத்திருந்த அதே காலத்தில், 1910-ல், பிரிட்டிஷ் இந்தியாவின் மல்லரான காமா லண்டனுக்குப் போய் யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று அறைகூவல் விட்டார். அமெரிக்க மல்லரும் டாக்டருமான பெஞ்சமின் ரோலரை வென்றார். செப்டம்பர் 10 அன்று, முந்தைய பதிலில் வந்த அதே ஸ்பிஸ்கோவுடன் ஜான் புல் என்ற உலக சாம்பியன் பெல்ட்டுக்காக மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துத் தற்காத்துக்கொண்டே இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி, டிரா ஆக்கினார். ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டிய மறுபோட்டிக்கு அவர் வரவே இல்லை, பெல்ட் காமாவுக்கு வந்தது.

1928-ல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஸ்கோ மல்லாந்துவிட்டார். காமாவும் காட்ச்சும் கடைசிவரை மோதவே இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய இழப்பாகத் தோன்றுவது அதுதான்.

என்.டபிள்யூ.ஏ. என்பது என்ன?

1948 ஜூலையில் அயோவாவின் வாட்டர்லூ நகரில் சில போட்டி அமைப்பாளர்கள் கூடித் தொடங்கிய நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு. அதற்கு முன் ஊருக்கு ஒரு உலக சாம்பியன் இருந்தார். இனி எல்லோருக்கும் ஒரே சாம்பியன், அவர் ஒவ்வொரு உறுப்பினரின் பகுதிக்கும் வந்து அந்த ஊர் நாயகனோடு மோதுவார், ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

முதல் சாம்பியன் ஆர்வில் பிரவுன். 1949 நவம்பரில் கார் விபத்தில் அவர் மல்யுத்த வாழ்க்கையே முடிந்துபோக, பட்டம் லூ தெஸ்ஸுக்கு வந்தது. தெஸ் 1956 வரை வைத்திருந்தார். கவர்ச்சியான ஆட்கள் வேறு நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் யாராவது மேடையில் பேச்சை மீறினால் அவர் கையையோ காலையோ முறித்துவிட்டு பெல்ட்டோடு வெளியே வரத் தெரிந்தவர் தெஸ். வேய்ன் மன் கதை யாருக்கும் மறக்கவில்லை.

சாம்பியனையும் சும்மா நம்பிவிடவில்லை. பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்று அவரிடம் 25,000 டாலர் முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த முன்பணத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

டபிள்யூ.டபிள்யூ.இ. பட்டம் எப்படித் தொடங்கியது?

ஒரு தகராறில். 1961-ல் காமிஸ்கி பார்க்கில் 38,000-க்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் பட்டி ராஜர்ஸ் என்.டபிள்யூ.ஏ. சாம்பியன் ஆனார். அவருடைய போட்டித் தேதிகளைக் கையில் வைத்திருந்தது நியூயார்க் பக்கத்து அமைப்பாளரான வின்சென்ட் ஜே. மக்மஹன். மற்ற ஊர்களுக்கு சாம்பியன் சரியாக வருவதில்லை என்று முணுமுணுப்பு. 1963 ஜனவரி 24 அன்று டொராண்டோவில் லூ தெஸ்ஸை அனுப்பி ராஜர்ஸிடமிருந்து பட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

மக்மஹனும் அவர் கூட்டாளியும் அந்தத் தோல்வியை ஏற்கவில்லை. அந்தக் கூட்டாளி வேறு யாருமில்லை, 1920-களில் பார்த்தோமே, அதே டூட்ஸ் மாண்ட். பின்னாளில் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆன அமைப்பைத் தனியாகத் தொடங்கி ராஜர்ஸையே முதல் சாம்பியன் என்று அறிவித்தார்கள். ரியோ டி ஜெனிரோவில் நடந்த தொடர் போட்டியில் அவர் வென்றதாகச் சொன்னார்கள். அப்படி ஒரு போட்டி நடக்கவே இல்லை. 1979-ல் இன்டர்கான்டினென்டல் என்ற இரண்டாம் நிலை பட்டத்தைத் தொடங்கியபோதும் பேட் பேட்டர்சன் அதே ரியோவில் ஜெயித்ததாகச் சொன்னார்கள். அதுவும் நடக்கவில்லை.

ப்ரூனோ சம்மார்ட்டினோவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1963 மே 17 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராஜர்ஸை 48 நொடியில் வென்றார். அங்கிருந்து 1971 ஜனவரி 18 வரை, 2,803 நாட்கள் அவர்தான் சாம்பியன். அந்த ஒற்றைக் காலத்தை இந்தப் பட்டத்தை வென்ற வேறு யாரும் இன்றுவரை எட்டவில்லை.

இத்தாலியில் பிறந்து, போர்க்காலத்தில் குழந்தையாக ஜெர்மன் படைக்குப் பயந்து தாயோடு மலையில் ஒளிந்திருந்து, பின் அமெரிக்காவுக்கு வந்தவர். கடல் தாண்டி வந்து கூலி வேலை பார்த்த குடும்பங்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தன. அதனால்தான் அரங்கம் மாதாமாதம் நிரம்பியது.

அவர் தோற்ற இரவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ரஷ்யர் வேடம் போட்ட இவான் கோலாஃப் மேல் கயிற்றிலிருந்து முழங்காலை முன்வைத்துக் குதிக்கிறார். ப்ரூனோவின் தோள் தரையில் பட்டிருக்க, நடுவர் மூன்று எண்ணுகிறார், அதோடு போட்டி முடிந்தது. எந்தச் சத்தமும் இல்லை. ப்ரூனோ தன் காதுதான் அடிபட்டுக் கேட்காமல் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். பிறகுதான் புரிந்தது, அவ்வளவு பெரிய கூட்டம் அப்படியே உறைந்து போயிருந்தது. சிலர் அழுதார்கள். மேடையிலேயே கோலாஃபிடம் பெல்ட்டைக் கொடுத்தால் கலவரம் வரும் என்று பயந்து கொடுக்காமல் விட்டார்கள். முடிவு பேசி வைத்ததா இல்லையா என்ற கேள்வியே அந்த இரவில் ஒருவருக்கும் எழுந்திருக்காது. ஏழரை வருடம் பொறுமையாகச் சேர்த்த மதிப்பு அது.

சிலர் சில நாட்களே சாம்பியனாக இருந்திருக்கிறார்களே, ஏன்?

பழைய நியூயார்க் வழக்கப்படி, நாயகனிடமிருந்து நாயகனுக்குப் பட்டத்தை நேராக மாற்ற மாட்டார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள் அல்லவா? நடுவில் ஒரு வில்லன் வாங்கிக் கொடுப்பார். கோலாஃப் 21 நாளில் பெட்ரோ மொரேல்ஸிடம் கொடுத்தார். மொரேல்ஸிடமிருந்து வாங்கிய ஸ்டான் ஸ்டாசியாக் 9 நாளில் மறுபடி ப்ரூனோவிடம் கொடுத்தார்.

மூன்றாவது உதாரணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1983 டிசம்பர் 26 அன்று அயர்ன் ஷேக்கின் பிடியில் அன்றைய சாம்பியன் பாப் பேக்லண்ட் சிக்கிக்கொண்டார். கைவிட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. அவருடைய மேனேஜர்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை வீசினார். 28 நாள் கழித்து, 1984 ஜனவரி 23 அன்று, ஹல்க் ஹோகன் ஷேக்கை வென்றார். அதற்குள் நிறுவனம் மகன் வின்ஸ் மக்மஹன் கைக்கு வந்திருந்தது. தந்தை மதித்த எல்லைகளை மகன் மதிக்கவில்லை. கேபிள் டி.வி.யை வைத்து நாடு முழுக்கப் பரவினார், பழைய ஊர்வாரி ஏற்பாடு சரிந்தது.

ரெசில்மேனியாதான் முதல் பெரிய நிகழ்ச்சியா?

இல்லை. 1983 நவம்பர் 24 அன்று தெற்கே கிரீன்ஸ்பரோவில் ஸ்டார்கேட் நடந்துவிட்டது. அதில் இரும்புக் கூண்டுக்குள் ரிக் ஃபிளேர் ஹார்லி ரேஸை வென்று என்.டபிள்யூ.ஏ. சாம்பியன் ஆனார். டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 1985 மார்ச் 31 அன்றுதான் வந்தது. அதன் முக்கியப் போட்டி பட்டத்துக்கானதே அல்ல. ஹோகனும் நடிகர் மிஸ்டர் டி-யும் சேர்ந்து ஆடிய டேக் டீம் (ஜோடிகள் மோதும்) போட்டி அது, நடுவர்களில் ஒருவராக முகமது அலி வந்திருந்தார்.

பட்டத்தை நடுவில் வைத்த ரெசில்மேனியா என்றால் 1987-ல் பான்டியாக் சில்வர்டோமில் நடந்த மூன்றாவதுதான். ஹோகன் ஆந்த்ரே தி ஜெயன்ட்டைத் தூக்கிப் போட்டது அங்கேதான். 93,173 பேர் என்று நிறுவனம் சொல்கிறது, அந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்குச் சிறந்த போட்டி, இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியது. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி வைத்து ஒத்திகை பார்த்தவர். இரண்டாம் நிலை பட்டமும் முதல் பட்டத்தை மிஞ்சலாம் என்று காட்டிய போட்டி அது.

ராயல் ரம்பிளில் ஜெயித்தால் பட்டம் கிடைக்குமா?

பட்டம் கிடைக்காது. ரெசில்மேனியாவில் பட்டத்துக்கு மோதும் வாய்ப்புதான் கிடைக்கும், அதுவும் 1993-லிருந்துதான். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, மேல் கயிற்றைத் தாண்டி வெளியே தூக்கிப் போடப்பட்டவர்கள் விலக, கடைசியில் மிஞ்சுபவர் வெல்லும் போட்டி அது. 1988-ல் 20 பேரோடு தொடங்கி அடுத்த வருடமே 30 பேர் ஆனது. பட்டமே பரிசாக இருந்த ரம்பிள் 1992-ல் நடந்தது. ரிக் ஃபிளேர் மூன்றாவது ஆளாக உள்ளே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து வென்றார்.

பெண்கள் பட்டத்தின் வரலாறு என்ன?

பெருமைக்குரிய ஆட்களும் வருத்தப்பட வேண்டிய நடத்தையும் கலந்தது. 1930-களின் பிற்பகுதியிலிருந்து மில்ட்ரெட் பர்க் பெண்கள் மல்யுத்தத்தைத் தன் தோளில் சுமந்தார். 1956-லிருந்து ஃபேபுலஸ் மூலா 28 வருடம் சாம்பியன் என்று டபிள்யூ.டபிள்யூ.இ. கணக்கு வைத்திருக்கிறது. நடுவில் அவர் தோற்றதை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை. 1984-ல் எம்.டி.வி.யில் நேரலையாக வென்டி ரிக்டர் அவரை வென்று பெரிய நட்சத்திரம் ஆனார். அடுத்த வருடமே, சம்பளப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், முகமூடி போட்டு வந்த ஒருவர் ரிக்டரை அமுக்க, நடுவர் வேகமாக எண்ணி முடித்தார். முகமூடிக்குள் இருந்தவர் மூலா. ரிக்டருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அன்றே அவர் நிறுவனத்தை விட்டுப் போனார். பெண்கள் ரெசில்மேனியாவின் கடைசிப் போட்டியில் ஆட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌசி, ஷார்லட் ஃபிளேர் மூவரும் அதில் மோதினார்கள்.

மான்ட்ரியலில் ப்ரெட் ஹார்ட்டுக்கு என்ன நடந்தது?

முன்பணத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா, இங்கேதான் அது வருகிறது. 1991-ல் ரிக் ஃபிளேர், டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு எதிரியான டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தோடு சண்டை போட்டு விலகியபோது அவருடைய 25,000 டாலர் திரும்பி வரவில்லை. அவர் பெல்ட்டோடு வின்ஸ் மக்மஹனிடம் வந்தார், நான்தான் நிஜமான உலக சாம்பியன் என்று எதிரி டி.வி.யில் காட்டினார். 1995-ல் அதுவே மக்மஹனுக்குத் திரும்பியது. அவருடைய பெண்கள் பட்டத்தை வைத்திருந்தவர் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போய் நேரலையில் அந்த பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

1997-ல் சாம்பியன் ப்ரெட் ஹார்ட் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போக ஒப்பந்தம் போட்டுவிட்டார். சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவருக்கு மனமில்லை, வேறொரு நாளில் கொடுத்துவிடுகிறேன் என்றார். நவம்பர் 9, மான்ட்ரியல். ப்ரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை மைக்கேல்ஸ் போட்டதும், ப்ரெட் கைவிடாமலே நடுவர் ஏர்ல் ஹெப்னர் மணி அடிக்கச் சொன்னார். கயிற்றுக்கு வெளியே மக்மஹனே நின்றிருந்தார். ப்ரெட் அவர் முகத்தில் துப்பினார், டபிள்யூ.சி.டபிள்யூ. என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.

மக்மஹனின் பயத்துக்குக் காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்த மனிதர் பெல்ட்டைக் குப்பையில் போடுவார் என்று நினைத்ததை என்னால் ஏற்க முடியாது. ரிக்டருக்குச் செய்ததையே இவருக்கும் செய்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் எப்போதும் இரண்டு உலக பட்டங்கள் இருக்கின்றன?

2001-ல் டபிள்யூ.சி.டபிள்யூ.வை மக்மஹன் வாங்கினார். அந்த டிசம்பரில் கிறிஸ் ஜெரிக்கோ ஒரே இரவில் தி ராக், ஸ்டோன் கோல்ட் இருவரையும் வென்று இரண்டு பட்டங்களையும் ஒன்றாக்கினார். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. ரா, ஸ்மாக்டவுன் என்று இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தனி சாம்பியன் வேண்டும் என்று 2002 செப்டம்பரில் இன்னொரு பட்டத்தை டிரிபிள் எச்-சிடம் அப்படியே கொடுத்தார்கள். 2013-ல் ராண்டி ஆர்ட்டன் ஒன்றாக்கினார். 2016-ல் யுனிவர்சல் பட்டம் வந்தது. 2022-ல் ரோமன் ரெயின்ஸ் அதையும் டபிள்யூ.டபிள்யூ.இ. பட்டத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டார், 2023-ல் மறுபடி ஒரு புதிய உலக பட்டம். டி.வி. ஒளிபரப்புக்குத் தேவை என்பது புரிகிறது. ஆனால் உலக சாம்பியன் இரண்டு பேர் என்றால் இருவருமே பாதிதான்.

ரெயின்ஸ் யுனிவர்சல் பட்டத்தை 1,316 நாள் வைத்திருந்து 2024 ஏப்ரலில் கோடி ரோட்ஸிடம் தோற்றார். அன்றைக்கு எழுந்த ஆரவாரத்துக்கு அந்த நீண்ட காலம்தான் காரணம்.

அதிக முறை உலக சாம்பியன் ஆனவர் யார்?

டபிள்யூ.டபிள்யூ.இ. கணக்குப்படி ஜான் சீனா, 17 முறை. 2025 ஏப்ரல் 20 அன்று லாஸ் வேகாஸில் ரோட்ஸை வென்று ரிக் ஃபிளேரின் 16-ஐத் தாண்டினார். ஃபிளேரின் கணக்கு 16-க்கு மேலே என்று வாதிடுபவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. அவர் 1984-ல் நியூசிலாந்தில் ஹார்லி ரேஸிடம் தோற்று, சில நாளில் சிங்கப்பூரில் திரும்ப வாங்கியதைப் போன்ற மாற்றங்களைப் பல வருடம் யாரும் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

இந்தியர் யாராவது சாம்பியன் ஆகியிருக்கிறார்களா?

ஹிமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த கிரேட் காளி 2007 ஜூலையில் வேர்ல்டு ஹெவிவெயிட் பட்டத்தை வென்று செப்டம்பரில் பட்டிஸ்டாவிடம் இழந்தார். பஞ்சாபி வம்சாவளிக் கனடியரான ஜிந்தர் மகால் 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனை வென்று, நவம்பரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் தோற்றார். அவர்களுக்கு வெகு முன்பே, 1968-ல் பம்பாயில் தாரா சிங் லூ தெஸ்ஸை வென்றிருக்கிறார். கிங்காங், தாரா சிங் என்ற மல்லர்களின் பெயர்களைத் தமிழ்ப் பெரியவர்கள் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வார்கள். டிரம்ப் கார்டில் உயரமும் எடையும் பார்த்து ஹோகனைத் தெரிந்துகொண்ட 90-களின் பிள்ளைகளுக்கு முந்தைய தலைமுறை அது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்தப் பட்டப் போட்டியை முதலில் பார்க்கலாம்?

1989-ல் ரிக் ஃபிளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மூன்று பெரிய போட்டிகளில் மோதினார்கள். பிப்ரவரியில் சிகாகோவில் ஸ்டீம்போட் பட்டத்தை வாங்கினார், ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் தக்கவைத்தார், மே மாதம் நாஷ்வில்லில் ஃபிளேர் திரும்பப் பெற்றார். மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். நேரம் இல்லை என்றால் சிகாகோ போட்டியை மட்டுமாவது பாருங்கள்.